பண மசோதா, கலப்பு நிதி மசோதா: தனித்தனிச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஆங்கிலச் சட்டச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொற்பட்டியலில், வரி, அரசுப் பணம் பற்றி மட்டுமே பேசும் 'மணி பில்' என்பதற்குக் 'கருவூல மசோதா' என்று கோவை ஐயா முன்வைத்த சொல்லைப் பற்றி முதலில். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலத்தில் கருவூலம் என்றால் பென்ஷன்காரர்கள் நேர்காணலுக்குப் போய்வரும் அலுவலகம். மத்திய அரசின் வருவாயும் கடனும் சேரும் இந்தியத் தொகுப்பு நிதி யார் நினைவுக்கும் வராது. தவிர, அரசியலமைப்பின் 110ஆம் பிரிவு தொகுப்பு நிதியோடு நிற்கவில்லை. வரி விதிப்பது, நீக்குவது, அரசு கடன் வாங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்கும் 'பண மசோதா'வே இருக்கட்டும் என்பது என் கட்சி.

சிக்கல் வேறிடத்தில். 117ஆம் பிரிவின் 'ஃபைனான்ஷியல் பில்', பட்ஜெட்டோடு வரும் 'ஃபைனான்ஸ் பில்', சில புத்தகங்களில் பண மசோதா என எல்லாவற்றுக்கும் 'நிதி மசோதா' என்றே போட்டு வைத்திருக்கிறோம். அம்மாபேட்டையில் நாங்கள் நடத்தும் போட்டித் தேர்வு வகுப்பில், நிதி மசோதாவை மாநிலங்களவை நிராகரிக்க முடியுமா என்று கேட்டேன். "முடியாது சார், 14 நாளில் திருப்பி அனுப்பிடணும்" என்றாள் முன்வரிசைப் பெண். "முடியும் சார், அப்புறம் கூட்டுக் கூட்டம் போடுவாங்க" என்றான் பின்னாலிருந்த தம்பி. இருவரும் ஆளுக்கொரு கைடைப் பிரித்து நீட்டினார்கள். இரண்டிலும் 'நிதி மசோதா'தான். ஒன்று 110ஆம் பிரிவைச் சொல்கிறது, மற்றது 117ஐ. பிள்ளைகள் இருவரும் படித்ததைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள்.

இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. எந்தப் பெயரில் மசோதா வருகிறதோ, அதைப் பொறுத்தே இரண்டாவது அவைக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது தீர்மானமாகிறது. பண மசோதாவை மக்களவையில்தான் கொண்டுவர முடியும். மாநிலங்களவை அதை 14 நாளுக்குள் பரிந்துரையோடோ பரிந்துரை இல்லாமலோ திருப்பியாக வேண்டும். பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். கெடு தாண்டினால் இரு அவைகளும் நிறைவேற்றியதாகவே கொள்ளப்படும். ஒரு மசோதா பண மசோதாதானா என்ற கேள்வி எழுந்தால் சபாநாயகர் முடிவே இறுதி.

110இல் சொன்னவற்றோடு வேறு விஷயமும் கலந்து 117(1)இன் கீழ் வரும் மசோதாவும் குடியரசுத் தலைவர் பரிந்துரையோடு மக்களவையில்தான் அறிமுகமாகும். அதுவரைதான் ஒற்றுமை. அதன்பின் மாநிலங்களவை திருத்தலாம், தோற்கடிக்கலாம். இழுபறியானால் 108ஆம் பிரிவுப்படி கூட்டுக் கூட்டம். 1961இல் வரதட்சிணைத் தடை மசோதா, 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணைய நீக்க மசோதா, 2002இல் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா என மூன்று மசோதாக்களுக்கு மட்டுமே அப்படிக் கூடியிருக்கிறார்கள். 543 பேர் கொண்ட மக்களவையும் 245 பேர் கொண்ட மாநிலங்களவையும் சேர்ந்து வாக்களித்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மசோதாவை எதிர்த்து வாக்களிக்க மாநிலங்களவைக்கு அங்கே இடமிருக்கிறது. பண மசோதாவில் பேசலாம், பரிந்துரைக்கலாம், தடுக்க மட்டும் முடியாது.

ஆதார் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் ஆதாருக்கான அடையாள எண் ஆணைய மசோதா மாநிலங்களவையிலேயே அறிமுகமானது, அதாவது பண மசோதாவாக அல்ல. 2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாக மக்களவைக்கு வந்தது. மாநிலங்களவை திருத்தங்களைப் பரிந்துரைத்தது, மக்களவை அவற்றைத் தள்ளியது, சட்டமாயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை இதை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். எது பண மசோதா என்ற கேள்வியை 2019இல் இன்னொரு வழக்கில் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் தமிழில் வாசிப்பவருக்கு எல்லாமே 'நிதி மசோதா'வாக இருந்தால், சண்டை எதற்கென்றே விளங்காது.

ஆகவே என் பரிந்துரை: 110க்குப் பண மசோதா. பட்ஜெட்டோடு வருவதற்கு மட்டும் நிதி மசோதா. 117(1)க்குக் 'கலப்பு நிதி மசோதா'. 110இல் சொன்ன விஷயங்களோடு வேறு விஷயமும் கலந்திருப்பதுதானே அதன் இலக்கணம்.

கலப்பு என்றால் கலப்படம் போல் ஒலிக்கிறது என்று திருச்சி அம்மா எழுதியிருந்தார். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் கலப்படம் என்ற சொல்லின் சூடு நன்றாகவே தெரியும். ஆனால் பள்ளிப் பாடத்திலேயே 'கலப்புப் பொருளாதாரம்' இருக்கிறது. யாரும் முகம் சுளித்ததில்லை.

எனக்கு இன்னும் மனம் நிறையாதது 117(3)க்கான சொல்தான். தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் மசோதா அது. எந்த அவையிலும் அறிமுகமாகலாம், மாநிலங்களவைக்கு முழு அதிகாரம் உண்டு. நிறைவேற்றுவதற்கு முன் குடியரசுத் தலைவர் பரிந்துரை தேவை. 'செலவின மசோதா' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அரசுத் துறைகளின் செலவுக்கு ஒப்புதல் தரும் ஒதுக்கீட்டு மசோதாவோடு அது குழம்பக்கூடும். இதற்கு மட்டும் உங்கள் யோசனைகளை எழுதுங்கள். மற்றவற்றில் மறுப்பில்லை என்றால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.