வரியை உயர்த்த மக்கள் ஓட்டு: கொலராடோவில் எப்படி நடக்கிறது?

கேள்வி:
அமெரிக்காவின் கொலராடோவில் 1992-ல் வந்த டேபர் (TABOR, ‘வரி செலுத்துவோர் உரிமைகள்’) என்ற மாநில அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, மக்களிடம் ஓட்டு கேட்காமல் வரியை உயர்த்த முடியாதாம். அப்படியிருந்தால் அரசு எப்படி நடக்கும்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
டென்வரில் இருக்கிறேன். ஓட்டு மட்டுமில்லை, உச்சவரம்பும் உண்டு: விலைவாசி உயர்வும் மக்கள்தொகை வளர்ச்சியும் சேர்ந்த அளவுக்குத்தான் மாநில வருவாய் கூடலாம், அதற்கு மேல் வந்ததை எங்களுக்கே திருப்பித் தர வேண்டும். 2022-ல் ஆளுக்கு 750 டாலர் காசோலை வந்தது. என் பணத்தை எடுக்கும் முன் என்னைக் கேட்கட்டும், அதில் என்ன தப்பு?

பதில் 2:
கேட்பதில் தப்பில்லை, அந்த வரம்புதான் சிக்கல். 2001 மந்தநிலையில் வருவாய் சரிந்ததும் வரம்பும் கூடவே இறங்கிவிட்டது, பொருளாதாரம் தேறிய பிறகும் பழைய அளவுக்குச் செலவழிக்க வழியில்லை, கல்லூரிகள் ரொம்பவே அடிபட்டன. கடைசியில் 2005-ல் மக்களே ஓட்டுப் போட்டு ஐந்து ஆண்டுக்கு அதைத் தளர்த்தினார்கள்.

பதில் 3:
வரிக்குத்தான் ஓட்டு, கட்டணத்துக்கு வேண்டாம் என்று சட்டமன்றம் கட்டணங்களைப் பெருக்கியது. 2020-ல் பெரிய கட்டணத் திட்டங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று மக்கள் கட்டிப்போட்டார்கள். அதே தேர்தலில் மழலையர் கல்விக்காகப் புகையிலை வரியை உயர்த்தச் சம்மதமும் தந்தார்கள். எதற்கு என்று தெளிவாகச் சொன்னால் கொடுக்கிறார்கள்.