ஏஐ வேலைக்கு சீனியர் எஞ்சினியர் எடுக்கணும், இன்டர்வியூல என்னத்த கேக்குறது?

கொழுந்துக்கூடை:
ஹட்டன்ல நாங்க அஞ்சு பேரு சின்ன கம்பனி ஒண்ணு நடத்துறோம், மடுவத்துல, அதான் தோட்டத்து நிறுவைக் கொட்டகையில, தேயிலக் கொழுந்து நிறுக்கிற கணக்குக்கு சொப்ட்வெயர் செய்றதுதான் பொழப்பு. இப்ப ரெண்டு தோட்டத்துல கேக்குறாங்க, கொழுந்த போன்ல போட்டோ எடுத்தா ரெண்டு இலையும் மொட்டும் எவ்வளவு, முத்தல் எவ்வளவுன்னு சொல்லணுமாம். எங்கள்ல யாருக்கும் ஏஐ ஒழுங்கா தெரியாது, முன்ன நின்னு செய்ய சீனியர் ஒருத்தர் வேணும். போன வாரம் கொழும்புல இருந்து ஒருத்தர் சூம்ல வந்தாரு, டிரான்ஸ்போமர் எல்எல்எம் ஏஜென்ட்னு முக்கா மணித்தியாலம் கதைச்சாரு, நாங்க தலையாட்டுனதுதான் மிச்சம். கொழுந்து எத்தன மணிக்கு நிறுக்கிறீங்கன்னு கூட கேக்கல. நல்ல ஆளான்னு எப்பிடி கண்டுபிடிக்கிறது?

கோட்_கங்காணி:
எல்எல்எம்னா சட்ஜிபிடி மாதிரி எழுதுற ஏஐ, அதுக்கு அடியான டிரான்ஸ்போமர் பேப்பர் வந்தது 2017ல, படம் பாத்து பிரிக்கிற ரெஸ்நெட் 2015லயே வந்துருச்சி, ஒங்க வேலைக்கு எல்எல்எம் தேவையே இல்லன்னு சொல்ற ஆளத்தான் நான் எடுப்பேன். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: டெஸ்ட் பண்ண போட்டோவ எப்பிடி பிரிப்பீங்க? எல்லாத்தையும் கலக்கி மொடலுக்கு படிச்சுக் குடுக்க (டிரெய்னிங்) 80, டெஸ்டுக்கு 20ன்னு வெட்டுவேன்னா கொஞ்சம் யோசிங்க. ஒரே சாக்குல எடுத்த நாலு போட்டோல மூணு டிரெய்னிங்குக்கும் ஒண்ணு டெஸ்டுக்கும் போயிரும், ரிசல்ட் சும்மா ஜோரா வரும், அப்புறம் வேற தோட்டத்துக்கு கொண்டு போனா எல்லாம் பிழையாப் போகும். தோட்டம் தோட்டமா, நாள் நாளா பிரிப்பேன்னு சொல்லணும். இன்னொண்ணு, 100 போட்டோல 90 நல்ல கொழுந்துன்னா, கண்ண மூடிக்கிட்டு எல்லாமே நல்லதுன்னு சொல்ற மொடலுக்கும் 90 மார்க்ஸ்தான். அத கேக்காமலே சொல்றாரான்னு பாருங்க.

பண்டாரவளைக்காரி:
எங்க அம்மா கொழுந்து எடுத்துதான் என்னைய படிக்க வச்சாங்க, அதனால சொல்றேன். மெசின் முத்தல்னு பிழையா சொன்னா கிலோவ வெட்டுவாங்க, கிலோ கொறஞ்சா அரைப்பேர், அன்னைக்கு பாதி சம்பளம். மெசின் பிழை விட்டா யாரு பாப்பாங்க, அம்மா மாதிரி ஆளு யாருகிட்ட போய் கேக்குறதுன்னு அந்த சீனியர்கிட்ட கேளுங்க. அது என் வேல இல்லன்னா அப்பிடியே அனுப்பிருங்க.

மிஸ்டு_காலு:
மடுவத்துல சிக்னல் இருக்கா? எங்க பக்கம் மழை பேஞ்சா போன் பொம்மைதான். போனுக்குள்ளயே ஓடுற மாதிரி செய்யத் தெரியுமான்னு கேளுங்க. ரிமோட்ல வேல செஞ்சா பரவாயில்ல, ஆனா மொத மாசம் ரெண்டு கெழமயாவது மேல வந்து தராசுக்கு பக்கத்துல நிக்கணும்.

கொழுந்துக்கூடை:
நன்றிங்க எல்லாருக்கும், அக்கா சொன்னத நாங்க யோசிக்கவே இல்ல. நாளைக்கு பதுளப் பக்கத்து ஆளு ஒருத்தர் வர்றாரு, பனி மூட்டத்துல ஈரச் சாக்கோட எடுத்த போட்டோ 50 வச்சிருக்கேன், அதக் குடுத்து பாக்குறேன். சம்பளம் எவ்வளவு சொல்றதுன்னு ஒருத்தரும் சொல்லலயே?

கோட்_கங்காணி:
கொழும்பு ரேட்டுதான். மலநாட்டுல இருந்து வர்றவருன்னு கொறைக்கப் பாக்காதீங்க.