நுளம்பு வலையைக் கிழிக்கும் பூனையை இரவில் எப்படி அடக்குவது?

கேள்வி (கோண்டாவில்):
எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு ஒன்றரை வயது. கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்தாகிவிட்டது. பகல் முழுவதும் விறாந்தையிலுள்ள சாய்மனைக் கதிரையில் சுருண்டு கிடக்கும் அது, இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நான் வலைக்குள் நுழைந்ததும் வேறொரு பிராணியாகிவிடுகிறது. போர்வைக்குள் கால்விரல் சற்று அசைந்தால் போதும், கட்டிலுக்கடியிலிருந்து பாய்ந்து வலையோடு சேர்த்துக் கவ்வுகிறது. போன கிழமை வலையில் பாதி உயரம் ஏறி, நகம் சிக்கி, இறங்க வழி தெரியாமல் தொங்கியபடி கத்தியது. இதுவரை 11 இடங்களில் தைத்துவிட்டேன். தைக்காமல் விட்ட இடத்தை நுளம்புகள் எனக்கு முன்னரே கண்டுபிடித்துவிடுகின்றன. பிறகு விடியற்காலை 4 மணிக்குத் தலைமாட்டில் நின்று அழத் தொடங்கும். அம்மா எழுந்து குசினியில் கொஞ்சம் மீன் வைத்த பின்னர்தான் அடங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில் (சாவகச்சேரி):
இரவில் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

பதில் (கொக்குவில்):
தங்கச்சி, கதவைச் சாத்தினால் வலை தப்பும். ஆனால் அறைக்குள் உறங்கிப் பழகிய பூனை கதவை இரவு முழுவதும் விறாண்டும். அதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். பூனை மைம்மல் பொழுதிலும் விடியற்காலைக் கருக்கலிலும் வேட்டையாடும் இயல்புடையது. பகலெல்லாம் உறங்கிச் சேர்த்து வைத்த உசாரைச் செலவழிக்க அதற்கு எலியும் இல்லை, ஓணானும் இல்லை. இருப்பது உங்கள் கால்விரல் மட்டுமே.

ஆகவே வேட்டையை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். நீளமான ஈர்க்கு ஒன்றின் நுனியில் கோழி இறகைக் கட்டி, படுக்கைக்குப் போகுமுன் கால் மணி நேரம் அதைத் தரையோடு இழுத்தும், கதவுக்குப் பின்னால் ஒளித்தும் ஆட்டுங்கள். இடையிடையே பிடிபட விட வேண்டும்; ஒருமுறையும் பிடிக்க முடியாத பூனை எரிச்சல்தான் அடையும். கையையோ காலையோ ஆட்டி விளையாட்டுக் காட்டக் கூடாது. கட்டிய நூலை விழுங்கினால் குடலில் சிக்கும் என்பதால், முடிந்ததும் ஈர்க்கை அலுமாரியில் வையுங்கள். உடனே இரவுச் சாப்பாட்டைக் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, உடலை நக்கித் துப்புரவாக்குதல், பின் உறக்கம் என்பதுதான் அதன் ஒழுங்கு. உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன் நல்லது; குழம்பு மீன் வேண்டாம், அதிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

4 மணி அழுகைக்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அழுதால் அம்மா மீன் வைப்பார் என்பதை அது கற்றுக்கொண்டுவிட்டது. இனி அந்த நேரத்தில் எழுந்திருக்கவோ, ஏசவோ கூடாது. ஏச்சும் அதற்கு ஒரு கவனிப்புத்தான். முதல் சில நாட்கள் முன்னரைவிடப் பலமாகக் கத்தும். ஐந்தாம் நாள் மனமிரங்கி மீன் வைத்தால், ஐந்து நாள் அழ வேண்டும் என்றுதான் அது விளங்கிக்கொள்ளும்.

பதில் (சுன்னாகம்):
ஒரு சிறு எச்சரிக்கை. வயதான பூனை திடீரென இரவில் கத்தத் தொடங்கினால் அதைப் பழக்கக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்பதாலும், மூட்டு நோவாலும் அவ்வாறு நேரலாம். எந்த வயதிலும், சிறுநீர் கழிக்க முக்கி அழுதால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி கேட்டவர் (மூன்று கிழமைகளுக்குப் பின்):
அனைவருக்கும் நன்றி. ஈர்க்கு விளையாட்டு இரண்டாம் நாளே பலன் தந்தது. இப்போது சாப்பிட்டுவிட்டுக் கால்மாட்டில் படுத்துவிடுகிறது. அழுகையை நிறுத்தத்தான் 12 நாட்கள் பிடித்தன. பூனையைவிட அம்மாவைப் பழக்குவதே கடினமாக இருந்தது. "வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுகிறாயே" என்றார். வாய் இருப்பதுதானே அம்மா பிரச்சினை என்றேன். இப்போதும் சில நாட்களில் 5 மணிக்கு ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. நேற்று வலையில் 12ஆவது தையல் போட்டேன். அது பழைய கிழிசல்தான்.