வீட்டில் செய்த மோட்டார் கேட்: மூடும்போது கடைசி இரண்டடியில் மல்லுக்கு நிற்கிறது

மதுக்கரை_கேட்

வணக்கம். வாசல் கேட்டுக்கு நானே மோட்டார் மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் ஷிப்ட் முடிந்து வர நள்ளிரவு தாண்டிவிடும். முழங்கால் வலியோடு அம்மா எழுந்து வந்து கேட்டைத் தள்ள வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் வருடம் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இப்போதும் பார்க்கிறது, சிரித்துக்கொண்டே.

12 அடி நீளம், 5 அடி உயரம், முழுக்கத் தகடு அடித்த ஸ்லைடிங் கேட். எடை 180 கிலோ இருக்கும். கீழே இரண்டு வீல், தரையில் கவிழ்த்துப் பதித்த ஆங்கிள் மேல் ஓடுகிறது. மோட்டார் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்தது, 12 வோல்ட் வேன் வைப்பர் மோட்டார். அதன் தண்டில் 16 பல் பினியன் (சின்னப் பல்சக்கரம்). கேட்டில் பல் கீழ்நோக்கி இருக்கும்படி ராக் (பல் வெட்டிய நீளக் கம்பி) அடித்திருக்கிறேன். இரண்டும் மாட்யூல் 4 (பல்லின் அளவு), பட்டறையில் வெட்டி வாங்கியது. மூளை ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி அட்டை, திசை மாற்ற இரண்டு ரிலே, இரண்டு முனையிலும் கேட் வந்து தொட்டதும் மோட்டாரை நிறுத்த ரோலர் வைத்த லிமிட் சுவிட்ச். எஸ்.எம்.பி.எஸ். (12 வோல்ட் தரும் பவர் சப்ளை) போர்டிகோவில். அங்கிருந்து மோட்டாருக்கு 12 மீட்டர், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்.

இப்போது கோளாறு. மூடும்போது பத்தடி வரை ஒழுங்காக வரும். கடைசி இரண்டடியில் கடக் கடக் என்று அடித்துக்கொண்டு, சில நாள் அங்கேயே நின்றுவிடும். திறக்கும்போதும் முனகிக்கொண்டுதான் கிளம்புகிறது, அப்புறம் சரியாகிவிடும். முன்பு 24 வினாடியில் முடிந்த ஓட்டம் இப்போது 33 வினாடி. பினியன் பல் முனை கத்தி மாதிரி ஆகிவிட்டது. மோட்டாருக்குள் இருக்கும் நைலான் கியரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

மத்தியானத்தில் இன்னொரு கூத்து. நடுவழியில் மோட்டார் செத்துப்போகும். பத்து நிமிடம் விட்டால் தானாக உயிர் வரும். போன வாரம் யாரும் பட்டனைத் தொடாமலே கேட் திறந்துகொண்டது. "உன்ற மெசினுக்கு நானே தள்ளிட்டுப் போயிருவேன்" என்கிறார் அம்மா. பெரிய மோட்டார் வாங்கலாமா?

---

எர்த்_ஒயர்

மோட்டார் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். 1.5 ஸ்கொயர் ஃபிளெக்ஸிபிள் ஒயர் ஒரு கிலோமீட்டருக்கு 13 ஓம் சொச்சம். உங்களுக்குப் போக வர 24 மீட்டர், அதாவது ஏறக்குறைய 0.32 ஓம். 8 ஆம்பியர் இழுத்தால் இரண்டரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் இது ஒரு பொருட்டில்லை. 12 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஓடும்போது மோட்டார் முனையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

---

பட்டறைப்_பையன்

நைலான் கியர் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது நண்பா. லேத்தில் கொடுத்து பித்தளையில் ஒன்று செய்துவிடுங்கள். ஆயுசுக்கும் தேயாது.

---

பழைய_ஃபிட்டர்

பித்தளை வேண்டாம் தம்பி. அந்த நைலான் கியர் ஒரு ஃபியூஸ். கேட் எங்கேயாவது சிக்கினால் முதலில் அது போக வேண்டும், அதுதான் நல்லது. பித்தளை போட்டால் அடுத்து அந்தக் கியரைச் சுற்றும் வார்ம் தண்டு வளையும், இல்லையென்றால் தூணில் அடித்த போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டு கியர் போயிருக்கிறது என்றால் கியர் ஏதோ சொல்லவருகிறது. வாயை அடைக்காதீர்கள்.

நீங்களே பாதி விடை எழுதிவிட்டீர்கள். மூடும்போது கடைசி இரண்டடி, திறக்கும்போது முதல் இரண்டடி. இரண்டும் ஒரே இடம். கரண்ட்டில் கோளாறு இருந்தால் அதற்கு இடம் தெரியாது, எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தினமும் ஒரே இடத்தில் நிற்பது இரும்பு. கேட் மூடி முடியும் நேரத்தில் பினியன் மேல் நிற்பது ராக்கின் எந்தப் பகுதி என்று யோசியுங்கள். கேட்டின் வால் பகுதி. அதாவது பின்வீல் இருக்கும் இடம்.

கேட் வீல் தேய்ந்தாலோ பேரிங் போனாலோ கேட் அந்தப் பக்கம் தாழும். உங்கள் ராக் பினியனுக்கு மேலே இருக்கிறது. கேட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் ராக் நேராகப் பினியன் மேல் உட்கார்ந்துகொள்ளும். தள்ள வேண்டிய மோட்டார் கேட்டைச் சுமக்க ஆரம்பிக்கும். தண்டைத் தாங்கும் புஷ் முட்டை வடிவமாகும், பல் முனை கூராகும், உள்ளே நைலான் வழுக்கும். பெரிய மோட்டார் போட்டால் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

கரண்டை அணைத்துவிட்டு, இரண்டு ஹேக்ஸா பிளேடைச் சேர்த்து, பல் இல்லாத முதுகுப் பக்கமாகப் பினியன் பல்லின் உச்சிக்கும் ராக்கின் பள்ளத்துக்கும் நடுவில் செருகுங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் வரும். கேட்டை ஓரடி ஓரடியாக நகர்த்தி, நெடுக இது நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாத இடம்தான் வியாதி. அப்புறம் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கேட்டில் மாட்டி இழுத்து, அடிக்கு ஒரு தரம் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். இழுக்கும்போது கிளம்பும் எடை வேறு, ஓடும் எடை வேறு. ஓடும் எடையைக் குறியுங்கள்.

ராக்குக்குக் கிரீஸ் அடித்திருக்கிறீர்களா? உங்கள் ஊர்ப் புழுதிக்கு அது அரைக்கும் பசை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுச் சும்மா விடுங்கள்.

---

மதுக்கரை_கேட்

ஐயா, கிரீஸ் கையளவு அப்பியிருந்தேன். சுரண்டி எடுத்தால் செம்மண் நிறத்தில் சாந்து மாதிரி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதோடுதான். பிளேடு முதல் ஒன்பது அடி வரை நுழைகிறது. பத்தாவது அடியில் ஒரு பிளேடு மட்டும். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை, காகிதமே போகாது. மோட்டாரைக் கழற்றிய பிறகு தராசு ஐந்து கிலோ, ஐந்தரை கிலோ என்றுதான் காட்டியது. பினியனை மறுபடி ராக்குக்கு அடியில் தூக்கி வைத்து, தண்டு கையால் சுழலும்படி மோட்டாரைப் பிரித்துவிட்டு இழுத்தேன். கடைசி இரண்டடியில் 14 கிலோ.

ஜாக்கி வைத்துக் கேட்டின் வாலைத் தூக்கிப் பின்வீலைக் கழற்றினால், பேரிங் கையோடு வந்துவிட்டது. உள்வளையமும் குண்டுகளும் துரு, குண்டில் இரண்டைக் காணவில்லை. வீல் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து போல்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. போன ஐப்பசி மழையில் அந்த மூலையில் தண்ணீர் தேங்கியது ஞாபகம் வருகிறது, நான்கு நாள் வீல் தண்ணீரில்தான் நின்றது.

மோட்டார் முனையில் வோல்ட்டும் பார்த்தேன். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் 12.1, மோட்டார் பக்கம் 9.3. எர்த்_ஒயர் சொன்னதும் சரிதான்.

---

எர்த்_ஒயர்

மத்தியானச் சாவுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சில வைப்பர் மோட்டாருக்குள் சூட்டில் விலகிக்கொள்ளும் தகடு ஒன்று இருக்கும். ஆறினால் தானாக ஒட்டிக்கொள்ளும். பாரம் ஏறி, வோல்ட் இறங்கி, மேலே வெயிலும் சேர்ந்தால் வேறென்ன செய்யும்? வீலைச் சரிசெய்துவிட்டு 4 ஸ்கொயர் ஒயருக்கு மாறுங்கள்.

---

சாலிடர்_புகை

இரும்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகத் திறந்தது என்றீர்களே, அதைப் பேசுவோம். பட்டன் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே பைப்பில் போகிறதா? பட்டனுக்கு நானோவின் உள் புல்-அப்பை (பட்டன் பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் மின்தடையை) நம்பியிருக்கிறீர்களா? அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை, ரொம்பப் பலவீனம். பன்னிரண்டு மீட்டர் ஒயர் ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். பக்கத்து வீட்டில் பம்ப்செட் போட்டாலே பட்டன் அழுத்தியதாக நினைத்துக்கொள்ளும்.

வெளியே 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் ஒன்று போடுங்கள், பட்டன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. நிரலில், பட்டன் தொடர்ந்து 50 மில்லிவினாடி அழுந்தியிருந்தால்தான் கணக்கு. மோட்டாரின் பிரஷ் முனைகளுக்குக் குறுக்கேயும் ஒரு 0.1. திசை மாற்றும்போது நேராக மாற்றாமல் அரை வினாடி நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ஓடுகிற கேட்டை நேராகத் திருப்பும் அடியை வாங்குவது அந்த நைலான் கியர்தான்.

அப்புறம், தானாகத் திறக்கிறது என்றால் தானாக மூடவும் செய்யும். தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் அல்லவா? இது தீரும் வரை மெயினை அணைத்து வையுங்கள், கையால் தள்ளுங்கள். தீர்ந்த பிறகும், ஏதாவது தடுத்தால் நிறுத்தும் ஏற்பாடு இல்லாமல் ஓட்டாதீர்கள். கரண்ட் அளக்கும் ஏசிஎஸ்712 சென்சார், 30 ஆம்பியர் மாடல், ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் தரும். அதைப் படித்து, வழக்கத்தைவிட இரண்டு மூன்று ஆம்பியர் கூடினால் நின்று பின்வாங்கச் சொல்லுங்கள். வாசல் கோட்டில் ஒரு ஒளிக்கதிர் சென்சாரும் வேண்டும்.

இன்னொன்று. லிமிட் சுவிட்ச் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

---

மதுக்கரை_கேட்

திறந்ததே இல்லை. நீங்கள் கேட்ட பிறகு திறந்தேன்.

மூடும் பக்கத்துப் பெட்டியில் பிள்ளையார் எறும்பு, பரவாயில்லை. திறக்கும் பக்கத்துப் பெட்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. ரோலர் கையின் கீழ் உருண்டையாக, விரல் கனத்துக்கு. கை முழுசாக அழுந்தவே இடமில்லை. சில நாள் சுவிட்ச் வேலை செய்திருக்கும், சில நாள் கேட் போய் ஸ்டாப்பரில் முட்டி, மோட்டார் சுழல முடியாமல் உறுமிக்கொண்டே இருந்திருக்கும். நான் ஷிப்டுக்குப் போன பிறகு நடந்ததால் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "தெனமும் கடைசில ஒரு அழுகை அழுவும், அது அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். நைலான் கியர் இரண்டும் அங்கேதான் போயிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு வீலும் புதிது, ரப்பர் சீல் வைத்த பேரிங். மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு பள்ளம் வெட்டினேன். புதுப் பினியன் போட்டு, மோட்டார் தகட்டுக்கு அடியில் இருந்த வாஷரைக் குறைத்து, இரண்டு பிளேடும் நெடுக நுழையும்படி இறக்கினேன். ஒயர் 4 ஸ்கொயர். ரோலர் சுவிட்சை எடுத்துவிட்டு, காந்தம் வந்தால் வேலை செய்யும் மூடிய ரீட் சுவிட்ச். ஒருவேளை அதுவும் ஏமாற்றினால் 30 வினாடியில் நிரலே மோட்டாரை நிறுத்திவிடும். கரண்ட் எட்டரை ஆம்பியரிலிருந்து நாலரைக்கு வந்துவிட்டது. ஓட்டம் 24 வினாடி. ஒளிக்கதிர் சென்சார் வைத்தாயிற்று. முட்டுகிறதா என்று அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் வாளி, கடைசியில் என் காலையும் வைத்துப் பார்த்தேன். நிற்கிறது.

பட்டறைப்_பையன், பித்தளை யோசனைக்கு நன்றி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. பாலக்காட்டுப் பக்கம் இருந்து காற்று பலமாக அடிக்கும்போது மேலே கேட் சாயாமல் பிடிக்கும் பக்கவாட்டு ரோலர் கிறீச்சிடுகிறது, கரண்டும் ஒரு ஆம்பியர் ஏறுகிறது. ரோலருக்கு எண்ணெய் விடலாமா?

---

பழைய_ஃபிட்டர்

எண்ணெய் வேண்டாம். முழுத்தகடு அடித்த கேட் பாய்மரம் மாதிரி. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் உங்கள் கேட் அளவுக்கு நாற்பது கிலோ பக்கவாட்டில் தள்ளும், அதில் ஏறக்குறைய பாதி அந்த ரோலரில்தான் விழும். இரும்பு ரோலராக இருந்தால் நைலானுக்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு. அதிலும் அடங்காவிட்டால் தகட்டில் வரிசையாக ஓட்டை போட வேண்டியதுதான். ஆனி ஆடி வருவதற்குள் செய்துவிடுங்கள். சென்சாரில் கரண்ட் அளவை ரொம்ப இறுக்கி வைத்திருந்தால் காற்றுக்கே கேட் பின்வாங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மதுக்கரை_கேட்

நேற்றே ஒரு தடவை பின்வாங்கியது ஐயா. நான் வெளியே, நள்ளிரவு, மழை வேறு. ரோலர் வாங்க இன்றைக்குப் போகிறேன்.