நடிப்பு நோயாளியாகப் போனவர்கள், சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவம்

தாராவி செல்வி
மும்பையில் டிபி (காசநோய்) ஆய்வுக்காக நடிப்பு நோயாளியாகப் போனேன். டாக்டர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்க்க, நோயாளி மாதிரி நடிக்கும் வேலை. மூன்று வாரமாக இருமல், காய்ச்சல், அதே வசனம்தான். ஊசி போட விடக்கூடாது, வெளியே வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். தெரிந்த கதைதானே.

ஒரு கிளினிக்கில் டிபியைக் கண்டுபிடிக்கும் சளிப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை, ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அடுத்து ஒரு அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியபடியே உள்ளே போனார். நான் படியிறங்குவதற்குள் வந்துவிட்டார். கையில் அதே மாத்திரை அட்டை. என்னுடையதை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிடுவேன். அந்த அம்மா விழுங்குவாரே! வேடம் கலையக்கூடாது என்பது விதி. ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

மெடிக்கல் குமார்
நல்லவேளை, அக்கா கடைக்காரரைத் திட்டவில்லை. டெல்லி, மும்பை, பாட்னா மருந்துக்கடைகளுக்கும் இப்படி ஆட்களை அனுப்பினார்கள். வெறும் இருமல் என்று வந்தவரைச் சரியாகக் கையாண்டது 13 சதவீதம்தான், ஒத்துக்கொள்கிறேன். டிபி உறுதியான ரிப்போர்ட்டோடு வந்தபோது அது 62. டிபி மருந்தை ஒரு கடைகூடச் சீட்டில்லாமல் தரவில்லை. என் கடைக்கும் ரிப்போர்ட்டோடு ஒரு பையன் வந்தான். டாக்டரிடம் போகச் சொன்னேன். "இருமலுக்காவது ஏதாவது கொடுங்க அண்ணே" என்று நின்றுகொண்டே இருந்தான். நடிப்பா நிஜமா, இன்றுவரை தெரியாது.

ஓபி டாக்டர்
குமார், 62 என்று நிம்மதியடையாதீர்கள், மீதி 38 சதவீதம் என்ன ஆனது? டாக்டர்களும் தப்பவில்லை. இதே மாதிரி ஆட்களை அனுப்பி, 2015-ல் வெளிவந்த டெல்லி ஆய்வில் 21 சதவீதச் சந்திப்புகளில்தான் சரியான சிகிச்சைமுறை.

என்னிடம் வந்த ஒருவர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் லீவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர். நடுவில் சுகமாகிவிட்டதாக நினைத்திருக்கிறார். வரும்போது சளியில் ரத்தம்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். அரசு மையத்தில் இலவசம். அதற்கு முன் லீவோஃபிளாக்சசின் வகை மாத்திரை வேண்டாம், டிபியைக் கொஞ்ச நாள் அடக்கி மறைத்துவிடும். ஸ்டீராய்டும் அப்படித்தான், இருமல் குறைந்த மாதிரி இருக்கும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தால் கேட்காமலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டிபி மாத்திரை ஆரம்பித்தால் டாக்டர் சொல்லாமல் நடுவில் நிறுத்தவே கூடாது.

தாராவி செல்வி
டாக்டர், இதெல்லாம் சரி. நான் சொல்வது வேறு. கண்ணெதிரே நிஜ நோயாளி இப்படிப் போனால், அன்றைக்கே அவரை யாராவது தேடிப் போய்ச் சொல்ல ஆய்வுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு வேண்டும். எங்களுக்குச் சொன்ன விதிகளில் அப்படி ஒன்று இல்லை.