வாரக்கூலி புதன்கிழமைக்குள் கரைந்து விடுகிறது, என்ன செய்வது?

கூடலூர்க்காரி: தினமும் ஜீப்பில் குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமை கூலி வாங்கினால் புதன்கிழமை கையில் பத்து ரூபாய் இல்லை. எப்படித்தான் சேர்க்கிறீர்கள்?

கம்பம் தம்பி: அக்கா, போனில் ஸ்கேன் பண்ணிக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள், டீ வடை என்று போவது கண்ணிலேயே படாது. நான் கூலி வந்ததும் அரிசிக்கு, ஜீப்புக்கு என்று தனித்தனி டப்பாவில் போட்டு விடுவேன்.

கூடலூர்க்காரி: டப்பா சரி, வீட்டுக்காரர் கை வைப்பாரே!

போடி அண்ணாச்சி: அப்படியென்றால் தபால் ஆபீஸ் ஆர்.டி. தான் தங்கச்சி, மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற கணக்கு. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 5 வருஷம். ஒரு வருஷம் விடாமல் கட்டினால் கட்டியதில் பாதி வரை கடனும் வாங்கலாம், கந்துவட்டிக்காரனிடம் போய் நிற்க வேண்டாம். ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம், அவ்வளவுதான்.

கூடலூர்க்காரி: திங்கட்கிழமை லீவு போட்டாவது போகிறேன் அண்ணாச்சி. பாஸ்புத்தகத்தை எங்கே ஒளிப்பது என்றும் சொல்லி விடுங்கள்.