பிப்ரவரி கல்யாணம், பெங்களூரு: பூ டெக்கரேஷன் 2 லட்சம் சொல்றார், ஓகேவா?

ஜேபிநகர்_மீனா:
வணக்கம் எல்லாருக்கும். தங்கச்சி கல்யாணம் பிப்ரவரி ரெண்டாவது வாரம், ஜேபி நகர்ல ஒரு சௌல்ட்ரி (கல்யாண மண்டபம்) புக் பண்ணியிருக்கோம். முத நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலைல ஏழரை டு ஒம்பது முகூர்த்தம். சௌல்ட்ரில அவங்க பேனல் டெக்கரேட்டர்தான் வரணுமாம், வெளி ஆள கூட்டிட்டு வந்தா தனியா பணம் கட்டணுமாம். அந்த டெக்கரேட்டர் போன்ல ஒரு போட்டோ காட்டினார், ஸ்டேஜ் ஃபுல்லா சிவப்பு ரோஜா, மேலேருந்து மல்லி சரம் சரமா தொங்குது, தங்கச்சி அதைப் பாத்ததுலேருந்து வேற எதையும் பாக்க மாட்டேங்கறா. ரேட்டு 2 லட்சம், மாலை, தலைக்கு பூ, வாசல், கார் எல்லாம் சேர்த்து பேக்கேஜாம். எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சு கேட்டா "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்"ங்கறார். அப்பா என்னன்னா சிட்டி மார்க்கெட் போய் நாமளே வாங்கிட்டா பாதி காசுல முடியும்ங்கறார். என்ன பண்ணலாம்?

ஒசூர்_ரோஜா:
எங்க வீட்ல ரோஜாத் தோட்டம் இருக்கு, அதனால ஒண்ணு சொல்றேன், முதல்ல தேதியப் பாருங்க. பிப்ரவரி 14க்கு முன்னாடி வர்ற பத்து பதினஞ்சு நாள்ல ஒசூர், பெங்களூரு சுத்துவட்டார ரோஜா நிறைய வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் ஏத்த ரெடியா நிக்கும், வருஷத்துலயே சிவப்பு ரோஜா ரேட்டு ஏறி இருக்கற நேரம் அதுதான். நீங்க கேக்கறது சரியா அந்த வாரம், சரியா அந்த கலர். மல்லி கதை இன்னும் மோசம், மார்கழி தை பனில மொட்டே கட்டாது, மதுரைல கிலோ ரெண்டாயிரம் மூவாயிரம்னு நியூஸ் வர்றதெல்லாம் இந்த சீசன்லதான், போதாததுக்கு தை முகூர்த்தம் வேற. பங்குனி சித்திரைலதான் மல்லி மலியும். அதனால 2 லட்சம்னு சொல்றவர் நிஜமா அவ்ளோ மல்லிய தொங்கவிடுவார்னு எனக்கு நம்பிக்கை இல்ல, மேல தொங்கறது துணிப்பூவாதான் இருக்கும்.
பனிக்காலத்துல நல்லா வர்றது சாமந்தி. மஞ்சளும் வெள்ளையும் ஸ்டேஜுக்கு கலந்து, ரோஜாவ தம்பதி உக்கார்ற சேருக்கு பின்னாடி மட்டும் வைக்கச் சொல்லுங்க, போட்டோ முழுக்க அந்த இடம்தான் வரும். சிவப்புதான் வேணும்னு அடம் பிடிச்சா ஜெர்பரா பூவும் கேட்டுப் பாருங்க.

மல்லேஸ்வரம்_மாமி:
மீனா, ஸ்டேஜ அவர்கிட்டயே விட்டுடுங்கோ, சௌல்ட்ரியோட சண்டை போட்டு ஆகப்போறது ஒண்ணுமில்லை. ஆனா மாலையையும் தலைப்பூவையும் அந்த பேக்கேஜ்லேருந்து எடுத்துடுங்கோ. டெக்கரேஷன் ஆளுக்கு ஆணி அடிக்கத் தெரியும், மாலை கட்டத் தெரியாது. அவாளும் வெளிலதான் வாங்கிண்டு வருவா, நடுவுல ஒரு கை லாபம் போகும். எங்க எட்டாவது கிராஸ்லயும் காந்தி பஜார்லயும் தலைமுறையா மாலை கட்டறவா இருக்கா, நிறைய பேர் தமிழ் பேசுவா, நேரா போய் உக்காந்து பேசுங்கோ. பொண்ணு உயரம் என்னன்னு சொல்லி ஆர்டர் கொடுங்கோ. ரோஜா இதழ் மாலை பாக்க ஜோரா இருக்கும், இடுப்புக்குக் கீழ போச்சுன்னா கனம் தாங்காது, கழுத்து பட்டுப்புடவை ஜரிகைல உரசி செவந்துடும். மாலை மாத்தறச்சே மாமா ரெண்டு பேர் தூக்கிண்டு ஆட்டற ஆட்டத்துல லேசா கட்டினது நூலோட வந்துடும், அதனால மாலை மாத்தறதுக்கு சம்பங்கில கெட்டியா ஒரு செட், முகூர்த்தத்துக்கு தனியா ஒரு செட்.

பானஸ்வாடி_பாபு:
அப்பாகிட்ட மெதுவா சொல்லுங்க சிஸ்டர், வேணாம்னு. கே.ஆர். மார்க்கெட்ல, அதான் அப்பா சொல்ற சிட்டி மார்க்கெட்ல, நல்ல பூ வேணும்னா விடியறதுக்கு முன்னாடி நிக்கணும், அது ஈரமும் சேறுமா இருக்கும், மூட்டை தூக்கறவங்க இடிச்சிட்டே போவாங்க. பொண்ணோட அப்பா அன்னிக்கு சம்பந்திய ரிசீவ் பண்ணுவாரா இல்ல சாமந்திக்கு பேரம் பேசுவாரா? வந்தவங்களுக்கு தாம்பூலத்தோட குடுக்கற உதிரிப்பூ, பந்தல்கால் பூஜைக்கு செண்டுமல்லி, இந்த மாதிரி வாங்கட்டும், ஆசையும் தீரும்.
டெக்கரேட்டர் கதைக்கு வர்றேன். எங்க வீட்டு ரிசப்ஷன்ல போட்டோல காட்டினது எல்லாம் ஃப்ரெஷ், அன்னிக்கு வந்தது கீழ ஒரு வரிசை நிஜப்பூ, மேல மொத்தமும் துணி. கேட்டா "எல்லாமே ஒரிஜினல்னு நான் எப்ப சொன்னேன்"னு திருப்பி கேக்கறார், எழுத்துல ஒண்ணும் இல்ல. அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்குங்க. ஸ்டேஜ்ல எந்த இடம் நிஜப்பூ எந்த இடம் ஆர்டிஃபிஷியல், என்ன பூ, கிடைக்கலைன்னா பதிலுக்கு என்ன பூ. ஜிஎஸ்டி உள்ளயா வெளியவா. முக்கியமா ரிசப்ஷன் லைட்டு சூட்டுல ராத்திரியே ரோஜா தலை தொங்கிடும், காலைல நாலு மணிக்கு வந்து வாடினத மாத்துவாங்களா இல்லையா. அதோட அன்னிக்கு மத்தியானம் அதே ஹால்ல வேற ஃபங்ஷன் இருக்கான்னு விசாரிங்க, அவங்க மூணு மணிக்கு காலி பண்ணினா ஆறரை ரிசப்ஷனுக்கு என்ன பெருசா கட்ட முடியும்? அவங்க ஸ்டேஜயே லைட்டா மாத்தி உங்க தலைல கட்டிடுவாங்க.

ஜேபிநகர்_மீனா:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். இன்னிக்கே டெக்கரேட்டருக்கு போன் பண்ணி மாலையும் தலைப்பூவும் எடுத்துட்டு எவ்ளோன்னு கேட்டேன், கொஞ்சம் முனகிட்டு 1.55ன்னார், லிஸ்ட்டும் அனுப்பறேன்னார். சாமந்திக்கு தங்கச்சி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா, வெள்ளை சாமந்தி படம் காட்டியிருக்கேன், பாப்போம். மாமி, தலைல வெக்க மட்டும் மல்லி இருந்தே ஆகணும்னு அம்மா சொல்றாங்க, என்ன ரேட்டானாலும் சரியாம். முத நாளே வாங்கினா காலைல பழுத்துடாதா?

மல்லேஸ்வரம்_மாமி:
மொட்டா வாங்கினா பழுக்காது. முத நாள் மத்தியானம் வர்ற மொட்டை வாழை நார்ல நெருக்கமா கட்டச் சொல்லி, நன்னா பிழிஞ்ச ஈரத்துணில சுத்தி, மேல வாழை இலை போட்டு வெச்சா காலம்பற தலைல வெக்கற வரைக்கும் வாடாம இருக்கும். தண்ணி சொட்டக்கூடாது, பிளாஸ்டிக் கவர்ல அமுக்கவே கூடாது. பொண்ணுக்கும் நாத்தனாருக்கும் அம்மாக்கும் மட்டும் மல்லி, வர்றவாளுக்கு காக்கடா வாங்குங்கோ, இந்த சீசன்ல அது கிடைக்கும், பாக்கவும் மல்லி மாதிரியே. பூஜடை வெக்கறேளா? அதுக்கு ஆள் வேற, இப்பவே சொல்லி வெக்கணும்.